கண்ணாடிப் பலகையிற் கன்னித்தமிழ்

கைத்தொலைபேசிகளின் தராதரத்தைத் தமிழாசிரியன் ஒருவன் ஆராயப் புகுவது எதற்காக என வினவுவோர் உளராகலாம். விலை கூறுதல் வணிகர் தொழில். உள்ளுறுப்புக்களை விளக்குதல் பொறியியலார் தொழில். ஆயினும், ஒரு கருவி எழுதுகருவியாகிவிட்டதெனின், அதனைப் பற்றிப் பேசும் உரிமை எழுத்தறிவிப்போனுக்கும் உண்டு.

எழுதுகருவி எழுத்தையே மாற்றவல்லது என்பதற்கு நம் மொழியே சான்று. மெய்யெழுத்துக்களும், எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் காட்டிய நெறி. ஓலையிலே எழுத்தாணியாற் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும். ஆதலின் ஏடெழுதியோர் புள்ளியை விட்டுவிட்டனர். அதனால் எகரம் எது, ஏகாரம் எது என்று ஏட்டைப் பார்த்துத் தெளிதல் அரிதாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடில்களுக்கு வேற்றுருவம் அமைத்துத் தரும்வரை அம்மயக்கம் நீடித்தது. ஓலை செய்த காரியம் அது. கைத்தொலைபேசி என்ன காரியம் செய்கின்றது என்று பார்த்தல் தமிழாசிரியனின் கடனேயாகும். நான் அறிந்த மாணாக்கரிற் பலர், பாடசாலைக்கு வெளியே பேனாவைத் தொடுவதே அரிது. அவர்கள் எழுதுவதெல்லாம் இக்கண்ணாடிப் பலகையிலேதான்.

விசையா, கண்ணாடியா?

கைத்தொலைபேசியில் எழுதுவது பற்றி நிகழ்ந்த பெரும் போட்டி, பிளக்பெரிக்கும் ஐபோனுக்கும் இடையில் நிகழ்ந்ததாகும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து வோட்டர்லூ நகரிலிருந்த 'ரிசேர்ச் இன் மோஷன்' என்னும் நிறுவனம், 1999 இல் பிளக்பெரி என்ற பெயருடன் ஒரு சிறு கருவியை வெளியிட்டது. முதலில் அது பேசுங் கருவியன்று. மின்னஞ்சல் எழுதுங் கருவி. இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, இரு பெருவிரல்களால் மட்டும் எழுதத்தக்கவாறு சிறு விசைகளை அதில் வரிசைப்படுத்தியிருந்தனர். விசைகள் விரலுக்குத் தட்டுப்படுவனவாய் மேடிட்டிருந்தமையால், பழகிய விரல் பாராமலே எழுதிற்று. வழக்கறிஞரும் வணிகரும் அரசியலாரும் அதனை விட்டுப் பிரியாராயினர். 2009 இல் ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதியாகப் பதவியேற்ற பராக் ஒபாமா, தமது பிளக்பெரியைக் கைவிட மனமின்றி, பாதுகாப்பு ஏற்பாடுகளுடன் அதனை வைத்துக்கொண்டார்.

2007 ஜனவரியில் அப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜொப்ஸ் ஐபோனை உலகுக்குக் காட்டினார். அன்று அவர் எடுத்துரைத்த வாதம் ஊன்றி நோக்கத்தக்கது. ஏனைய கருவிகளில் விசைகள் வேண்டினும் வேண்டாவிடினும் அங்கேயே கிடக்கின்றன. ஒவ்வொரு வேலைக்கும் வெவ்வேறு விசைகள் வேண்டும். ஆறு மாதங்களின் பின் நல்லதோர் எண்ணம் தோன்றினாலும், விற்றுவிட்ட கருவியில் ஒரு விசையைக் கூட்ட இயலாது. ஆதலின் விசைகளை அகற்றிவிட்டு, கண்ணாடித் திரையே வேண்டியபோது பலகையாகவும் ஆகட்டும் என்பது அவர் வாதம்.

பிளக்பெரி அன்பர்கள் இதனை ஏற்றிலர். வழுவழுப்பான கண்ணாடியில் விரலுக்கு வழி தெரியாது. ஓரெழுத்தைத் தொட்டால் அயலெழுத்து விழும் என்றனர். அவர்கள் கூற்றிற் பொய்யில்லை. அக்குறையை நிரப்பவே கண்ணாடிப் பலகை சொற்பட்டியல் ஒன்றைத் துணைக்கொண்டு, நாம் எழுத நினைத்த சொல் யாதென ஊகித்துத் திருத்தும் உபாயத்தை மேற்கொண்டது. 2008 இல் வந்த முதலாவது அன்ட்ரொயிட் தொலைபேசியும் திரைக்கடியிலிருந்து வெளியே தள்ளத்தக்க விசைப்பலகையுடனேயே வந்தது. ஆயினும், சில ஆண்டுகளுள் வெற்றி கண்ணாடியின் பக்கமே சாய்ந்தது. 2016 இல் பிளக்பெரி நிறுவனம் தானே தொலைபேசிகளை வடிவமைப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. 2022 ஜனவரி 4 ஆம் நாளுடன் அதன் பழைய கருவிகளுக்குரிய சேவைகளும் முடிவெய்தின. விசை மேலுள்ள ஆசை மட்டும் அற்றுப்போகவில்லை. 2024 இல் ஐபோனுக்கு மாட்டத்தக்க 'கிளிக்ஸ்' என்னும் விசைப்பலகை உறை விற்பனைக்கு வந்தது.

அஞ்சலும் செய்தியும்

மின்னஞ்சலைப் பொறுத்தவரையில் பிளக்பெரியின் சிறப்பு விசையோடு நின்றதன்று. அக்காலத்து ஏனைய கருவிகள் பல, நேரங் குறித்துத் தபாற் கந்தோருக்கு ஆளனுப்பி, "எனக்குக் கடிதம் உண்டோ?" என்று கேட்டுவருவன போன்றவை. பிளக்பெரியின் முறையோ, கடிதம் வந்த கணமே தபாற்காரன் வாயிலுக்குக் கொணர்ந்து தருவது போன்றது. இன்று எல்லாத் திறன்பேசிகளும் அவ்வாறு செய்ய வல்லன. ஆதலின், அஞ்சலைப் பெறுதலிலும் அனுப்புதலிலும் ஐபோனுக்கும் அன்ட்ரொயிட்டுக்கும் பெரியதோர் ஏற்றத்தாழ்வு கூறுவதற்கில்லை.

தமிழ் அஞ்சலுக்கு இடையூறு வேறோரிடத்திலிருந்து வருகின்றது. நம் நாட்டிற் பாமினி என்னும் எழுத்துரு நெடுங்காலமாக வழங்குகின்றது. ஆங்கில எழுத்துக்களுக்குரிய எண்களின் மேல் தமிழுருவத்தைப் போர்த்தி அமைத்த எழுத்துரு அது. போர்வை இருக்குமிடத்தில் தமிழ் தோன்றும். இல்லாவிடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே தோன்றும். கணினியில் பாமினியால் எழுதிய கடிதத்தை அஞ்சலில் இட்டால், பெறுபவரின் தொலைபேசி ஐபோனாயினும் அன்ட்ரொயிட்டாயினும் அதனைப் படித்துக் காட்டாது. அங்கே குற்றம் தொலைபேசியினதன்று. 1991 இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கென 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அம்முறையில் எழுதிய கடிதமே எக்கருவியிலும் தமிழாகத் தோன்றும்.

குறுஞ்செய்தியின் வரலாறு இன்னும் சுவையுடையது. ஆங்கிலத்தில் எழுதுங்கால் ஒரு குறுஞ்செய்தியில் 160 எழுத்துக்கள் அடங்கும். தமிழிலோ 70 குறியீடுகளே அடங்கும். குறியீடு வேறு, எழுத்து வேறு. 'பள்ளிக்கூடம்' என்பது நம் கணக்கில் ஏழெழுத்து. ஒருங்குறியிலோ புள்ளி ஒரு குறியீடு, உயிர்க்குறி ஒரு குறியீடு என எண்ணப்படுதலால், அச்சொல்லுக்குப் பன்னிரண்டு குறியீடுகள் வேண்டும். இந்த விகிதத்திற் பார்த்தால் ஒரு செய்தியில் ஏறக்குறைய நாற்பது தமிழெழுத்துக்களே அடங்கும். ஆங்கிலத்தில் எழுதுபவர் 160 எழுத்து எழுதும் விலையில், தமிழர் நாற்பதெழுத்தோடு நின்றுவிடவேண்டும். மேலே எழுதினால் இரண்டாவது செய்திக்கும் பணம் இறுக்கவேண்டும். ஆங்கில எழுத்திலே தமிழை எழுதும் வழக்கம் பரவியதற்குச் சோம்பல் மட்டும் காரணமன்று. இக்கட்டணமும் ஒரு காரணம் என்பது என் துணிபு.

அக்கட்டணக் காலம் இன்று கழிந்தது. பிளக்பெரி 2005 இல் தன் கருவிகளுக்கிடையே இணையவழிச் செய்தி அனுப்பும் வசதியை ஏற்படுத்தியது. செய்தி சேர்ந்ததையும் அதைப் படித்ததையும் தனித்தனிக் குறியாற் காட்டும் வழக்கம் அதிலிருந்தது. ஆயினும், பிளக்பெரி உடையவர் பிளக்பெரி உடையவருக்கே அதில் எழுதலாம் என்றிருந்தது. 2013 இல் ஏனைய கருவிகளுக்கும் வாயிலைத் திறந்தனர். அதற்குள் வழிப்போக்கர் வேறு வீதியாற் போய்விட்டனர். 2019 இல் பொதுமக்களுக்கான அச்சேவை மூடப்பட்டது. 2009 இல் தோன்றிய வட்ஸ்அப், எந்நிறுவனத்தின் தொலைபேசி என்று பாராமல் எல்லாரையும் சேர்த்துக்கொண்டமையே அதன் வெற்றிக்குப் பெருங்காரணம். அப்பிள் 2011 இல் தொடங்கிய செய்திச்சேவை இன்றும் அப்பிள் உடையவர்க்கே உரியது. செய்தி என்பது ஒருவர் வினையன்று, இருவர் வினை. ஆகவே, செய்தியின்பொருட்டுத் தொலைபேசியைத் தெரிபவர், தம் கையிலுள்ளதை மட்டும் பாராது, எதிரிலுள்ளவர் கையில் யாது உளது என்பதையும் பார்த்தல் வேண்டும்.

பொறித்த எழுத்தும் பொறியாப் பலகையும்

மேற்கூறிய போட்டியை ஆங்கிலம் எழுதுவோர் தம் நோக்கிற் கண்டனர். விசை தோற்றது அவர்களுக்கு ஓர் இழப்பு. விரல் கண்ட மேடும் பள்ளமும் போயின. தமிழ் எழுதுவோர் அவ்வாறு காணவேண்டிய தேவையில்லை. விசையிலே பொறித்த எழுத்து, பொறித்த எழுத்தேயாம். அது ஆங்கிலமாயின் என்றும் ஆங்கிலமே. பிறமொழிக்கு வேண்டுமாயின் வேறு விசை வார்க்கவேண்டும். அரபு முதலிய பெருஞ்சந்தை மொழிகளுக்கு அவ்வாறு வார்த்தும் விற்றனர். சிறுசந்தை மொழிகளுக்கு யார் வார்ப்பார்? கண்ணாடிக்கோ சொந்த எழுத்தில்லை. இந்தக் கணம் ஆங்கிலம் காட்டும். அடுத்த கணம் தமிழ் காட்டும். பின் சிங்களமும் காட்டும். அப்பிளார் தம் வசதிக்காக எடுத்த முடிவு, 247 எழுத்துடைய தமிழுக்கு அவர்கள் எண்ணாத பெரும்பேறாய் வாய்த்தது. விசைப்பலகை தோற்றமையால் வென்ற மொழிகளுள் தமிழும் ஒன்று.

அப்பேறு ஒரே நாளில் வந்ததன்று. மலேசியத் தமிழரான முத்து நெடுமாறனின் 'செல்லினம்' 2005 தைப்பொங்கல் நாளிற் சிங்கப்பூரில் வெளியிடப்பட்டபோது, தொலைபேசிகளில் எண் விசைகளே இருந்தன. அன்ட்ரொயிட்டின் முதற்பதிப்புகளிலே தமிழ் வெற்றுக் கட்டங்களாகவே தோன்றிற்று. ஆயினும் 2009 முதலே, பிறர் ஆக்கிய விசைப்பலகைகளை நிறுவிக்கொள்ள அன்ட்ரொயிட் இடமளித்தது. அப்பிளோ 2014 வரை பிறர் பலகையைத் தன் முற்றத்திற் சேர்க்கவில்லை. அதற்கு ஓராண்டு முன்னரே தமிழ்ப் பலகையைத் தானாகவே ஐபோனில் அமைத்துத் தந்தது. ஒன்று கதவைத் திறந்துவைத்த வீடு. மற்றது தானே சமைத்து அழைக்கும் வீடு. இன்று இரண்டிலும் விருந்து உண்டு.

மூவகைப் பலகை

தமிழ் எழுதும் முறைகள் மூன்று.

முதலாவது, தட்டச்சு முறை. யாழ்ப்பாணத்தவராகிய ஆர். முத்தையா, கடல் கடந்து சிங்கப்பூரிற் பணிபுரிந்த காலத்தில், தமிழுக்குத் தட்டச்சுப் பொறி அமைக்கும் முயற்சியில் ஈடுபட்டு வெற்றி கண்டார். புள்ளியை அடிக்கும்போது தாள் நகராது நிற்கத்தக்க விசையை அமைத்தமை அவர்தம் நுண்மதிக்குச் சான்று. இம்முறை கண்ணுக்குத் தோன்றும் வரிவடிவத்தைப் பின்பற்றுவது. 'கொ' எழுதவேண்டின் கொம்பு, ககரம், கால் என மூன்றையும் அவ்வரிசையிலே அடித்தல் வேண்டும். தட்டச்சிற் கைதேர்ந்தார்க்கு இன்றும் அதுவே எளிது.

இரண்டாவது, 1999 இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டின் வழியாக உருவாகி, தமிழ்நாட்டரசினால் ஏற்கப்பட்ட 'தமிழ் 99' முறை. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று, இவையே அடிப்படை. உயிர்கள் இடப்பக்கம், மெய்கள் வலப்பக்கம். 'கொ' எழுதவேண்டின் ககரத்தைத் தொட்டு ஒகரத்தைத் தொட்டாற் போதும். உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னுமாய் ஒலிக்கும் என நாம் வகுப்பிற் கற்பிக்கும் இலக்கணமே இங்கு விரலுக்கு விதியாயிற்று. மேலும் ஒரு நயம் உண்டு. ஒரே மெய்யை இருமுறை தொட்டால் முன்னதிற்குப் புள்ளி தானே விழும். மெல்லினத்தின் பின் அதன் இனமாகிய வல்லினத்தைத் தொட்டாலும் அவ்வாறே. ப, ந, த, உ என நான்கு தொட்டால் 'பந்து' தோன்றும். இனவெழுத்து இன்னவென்று அறியாத மாணாக்கனும் சில நாளில் தன் விரலாலே அறிந்துகொள்வான்.

மூன்றாவது, ஆங்கில எழுத்தில் ஒலியை எழுதித் தமிழைப் பெறும் முறை. இது இருதிறப்படும். அஞ்சல் முறையிலே ளகரத்துக்கு ஓரெழுத்து, லகரத்துக்கு வேறோரெழுத்து என வரையறை உண்டு; எழுதுவோன் தானே தெரிந்து தொடவேண்டும். மற்றத் திறத்தில் அவ்வரையறை இல்லை. எப்படியோ எழுதினாற் போதும். கருவி ஊகித்துச் சில சொற்களைக் காட்டும். அவற்றில் ஒன்றைத் தொட்டுவிடலாம்.

எது விரைவு? 'பள்ளிக்கூடம்' என்னுஞ் சொல்லையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். தமிழ் 99 முறையிற் பத்துத் தொடுகையில் அது முடியும். அஞ்சல் முறையிலே பன்னிரண்டு எழுத்து, ளகரம் இரண்டுக்கும் பெரிய எழுத்தைப் பெறுவதற்கு மேலும் இரண்டு, ஆகப் பதினான்கு. ஊக முறையிலே பதினோரெழுத்தும், பட்டியலிற் சொல்லைத் தெரியும் ஒரு தொடுகையும், ஆகப் பன்னிரண்டு. ஆங்கில எழுத்தே விரைவானது என்னும் நம்பிக்கைக்கு அடிப்படை பழக்கமேயன்றி எண்ணிக்கையன்று.

ஊகமும் உணர்வும்

விரைவினும் பெரிய விடயம் ஒன்று உண்டு. ஆங்கில எழுத்திலே ந, ன, ண மூன்றுக்கும் பொதுவழக்கில் ஓரெழுத்தே பயில்கின்றது. ர, ற இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. லகரமும் ளகரமும் கலந்துவிடுகின்றன. அவசரத்தில் ழகரமும் அவற்றோடு சேர்ந்துவிடுகின்றது. மனமும் மணமும் ஒன்று. அரமும் அறமும் ஒன்று. உண்ணும் குழம்பும் மாட்டின் குளம்பும் ஒன்று. அயல்வீட்டிற் கொள்ளை போயிற்று என்று ஒருவர் அவசரமாக எழுத, அதனைக் கொலை நடந்ததாக வாசித்து மற்றொருவர் நடுங்குதல் இம்முறையில் நிகழக்கூடியதே.

வாசிப்போர் இடர்ப்பாடு சிறிது. எழுதுவோர் இழப்பே பெரிது. ஊக முறையில் எழுதும் மாணாக்கன், 'பணி' என்பதற்கு எந்த ணகரம் என்று ஒருபோதும் எண்ணவேண்டியதில்லை. கருவி எண்ணிக்கொள்கின்றது. திரையிலே தோன்றும் தமிழ் பிழையற்றதாகவும் இருக்கலாம். ஆயினும் அது அவன் எழுதிய தமிழன்று. அவனுக்காக எழுதப்பட்ட தமிழ். பரீட்சை மண்டபத்தில் வெள்ளைத் தாளின் முன் அமரும்போது அவன் கைக்கு அவ்வெழுத்துத் தெரியாது. வகுப்பிலே தெளிவாகப் பேசும் பிள்ளைகள், வாசிக்கவும் வல்ல பிள்ளைகள், எழுதுங்கால் ணகர னகரத்தில் தடுமாறுவதை விடைத்தாள்களிற் காண்கின்றேன். எழுத்தறிவு கண்ணிலும் காதிலும் மட்டும் தங்குவதன்று, கையிலும் தங்குவது. கை மறந்ததைக் கண் நெடுங்காலம் காக்கமாட்டாது.

கருவியின் ஊகத்துக்கு இன்னொரு வரம்பும் உண்டு. தமிழ்ச்சொல் தனித்து நிற்பதன்று, புணர்வது. 'அதைப் பார்த்தேன்' என்பதில் 'அதை' என்று எழுதத் தொடங்கியதும் கருவி அச்சொல்லைக் காட்டுகின்றது. அதனைத் தொட்டால், சொல்லோடு ஓர் இடைவெளியையும் தானே இட்டுவிடுகின்றது. பகர ஒற்றை இடவேண்டின் பின்னே சென்று இடைவெளியை அழித்தல் வேண்டும். அவசரத்தில் யார் அழிப்பார்? வல்லினம் மிகவேண்டிய இடங்கள் மெலிந்து போதற்கு இதுவும் ஒரு காரணம்.

குரலைக் கேட்டு எழுதும் வசதியையும் இங்கே குறிப்பிடவேண்டும். 2017 இல் கூகுள் நிறுவனம் தமிழுக்கும் அதனை அளித்தது. கண்பார்வை குன்றியோர்க்கும் கைந்நடுக்கமுடைய முதியோர்க்கும் அது பேருதவி. வட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியைப் பதினைந்து நிமிடத்துக்குள் திருத்தும் வசதியும் 2023 இல் வந்துவிட்டது. பிழையென்று கண்டபின் திருத்தாதிருக்க இனி நியாயம் இல்லை.

முடிவுரை

இனி, எதனை வாங்குவது? அன்ட்ரொயிட்டில் மலிந்த விலைக் கருவிகள் பல உண்டு. தட்டச்சு முறை, தமிழ் 99, ஒலிமுறை, கையால் திரையில் வரைந்தெழுதும் முறை எனப் பலவற்றையும் தேடி நிறுவிக்கொள்ளலாம். ஐபோன் விலை கூடியது. ஆயினும் தமிழ் 99, அஞ்சல் என்னும் இரு பலகைகளும் அதனுள்ளேயே உள்ளன. எதனையும் தேடி அலையவேண்டாம். மின்னஞ்சலில் இரண்டும் ஒப்பன. அன்றாடச் செய்தியில், எல்லாக் கருவியிலும் இயங்கும் வட்ஸ்அப் போன்றவற்றைக் கொள்வோர்க்கு வேறுபாடு இல்லை. பணம் உள்ள அளவுக்கு எதனையும் வாங்குக. தமிழின் நன்மை தீமை, வாங்கிய கருவியில் இல்லை. அதிலே தெரிந்துகொண்ட பலகையில் இருக்கின்றது.

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் கையிற் கருவியைக் கொடுக்கும் முன்னரே, தமிழெழுத்துத் தோன்றும் பலகை ஒன்றை அதில் அமைத்துக் கொடுங்கள். முதற் கிழமை விரல் தடுமாறும், பிள்ளை சலிக்கும். ஒரு மாதம் பொறுத்தால் விரல் வழியறியும். வகுப்பின் வட்ஸ்அப் குழுவிலே ஆசிரியர் இடும் அறிவித்தலும் தமிழெழுத்திலேயே இருக்கட்டும். ஆங்கில எழுத்திலே ஆசிரியர் எழுதிவிட்டு, மாணாக்கரைக் கடிதலிற் பயனில்லை. ஓலைக்காலத்தில் எழுத்து மயங்கியதற்குப் புள்ளி தாங்காத ஓலை காரணமாயிற்று. இன்றைய பலகையோ 247 எழுத்தையும் தாங்கும். அதன் மேல் எழுத்து மயங்குமாயின், அதற்குக் காரணம் பலகையன்று; நாமே.